இடது கண்ணின் நல்ல பெயர்

மாட்டின் வாயைத் திறந்து பல் எண்ணும்போதே சென்னியப்பனின் இடது கண் நிறைந்துவிடும். "ஆறு பல்லு" என்று வாய் சொல்லும். கண்ணீர் கன்னத்தில் இறங்கி, மீசை நுனியில் ஒரு கணம் நின்று, மாட்டின் நாக்கில் சொட்டும். மாடு உப்பு ருசி கண்டு இன்னும் கொஞ்சம் நாக்கை நீட்டும். விற்க வந்த குடியானவன் அதைப் பார்ப்பான். தன் மாட்டைப் பிரிவதில் தன்னைவிட இந்தத் தரகருக்கு வருத்தம் அதிகம் என்று நினைத்துக்கொள்வான். அதற்குப் பிறகு அவனால் விலையில் கறாராக நிற்க முடியாது.

"ஏனுங்க, பெத்த புள்ளையாட்டம் வளத்தியிருப்பீங்க. எனக்கே மனசு கேக்கலீங்க. ஆனாப் பாருங்க, நெத்திச் சுழி ஒண்ணு கோணலா உழுந்துபோச்சுங்க..." என்று இழுத்துக்கொண்டே சென்னியப்பன் தோள் துண்டை விரிப்பார். துண்டுக்கு அடியில் இரண்டு பேருடைய விரல்களும் விலை பேசும். துண்டின் மறு முனையை எடுத்து இடது கண்ணை ஒற்றிக்கொள்வார். ஒரே துண்டுதான். ஒரு முனை விரலுக்கு, ஒரு முனை கண்ணுக்கு.

பாலக்காட்டுப் பக்கத்துக் கொழிஞ்சாம்பாறைச் சந்தையில் மாட்டுத் தரகர்கள் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். எல்லோருக்கும் வாய் இருந்தது. கண் சென்னியப்பனுக்கு மட்டும்தான் இருந்தது. ஆலத்தூரிலிருந்து மாடு பிடிக்க வருகிறவர்களும் சரி, வடகரைப்பதியிலிருந்து மாடு ஓட்டி வருகிறவர்களும் சரி, "அந்த அழுவற தரகரு எங்கீங்க?" என்று கேட்டுக்கொண்டுதான் வருவார்கள். அவர் முடித்துக் கொடுத்த மாடு நொண்டினால்கூட, "அன்னைக்கே அவரு கண்ணுல தண்ணி வெச்சாருங்க, எனக்குத்தான் புரியலை" என்று குற்றத்தைத் தங்கள் மேலேயே போட்டுக்கொண்டார்கள். 'அழுகிற ஆணையும் சிரிக்கிற பெண்ணையும் நம்பாதே' என்ற பழமொழி அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். சொல்லுவார்கள். சொல்லிவிட்டு நம்புவார்கள்.

உண்மையில் அது அழுகையே இல்லை. ஏழு வயதில் அவருக்கு அம்மை வார்த்தது. அம்மை இறங்கியபோது இடது கண்ணின் ஓரத்தை ஏதோ செய்துவிட்டுப் போனது. அன்று முதல் அந்தக் கண் ஒழுகும். காற்றடித்தால் ஒழுகும், வெயிலில் நின்றால் ஒழுகும், பல் துலக்கினால் ஒழுகும், மரவள்ளிக்கிழங்கு தின்றால் ஒழுகும். பத்து வயதில் பக்கத்து வீட்டுத் தாத்தா செத்தபோது, "பாரு, இந்தச் சின்னக் குருத்துக்கு இருக்கற பாசத்தை!" என்று பெண்கள் அவனை அணைத்துக்கொண்டு ஆளுக்கொரு வெல்லக்கட்டி கொடுத்தார்கள். அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பார்கள். இந்தப் பிள்ளை அழாமலே குடிக்கக் கற்றுக்கொண்டது அன்றுதான்.

பெரியவரானதும் சுற்று வட்டாரத்தில் ஒரு சாவையும் அவர் விட்டதில்லை. செத்தவர் யார் என்பதையே சில சமயம் பஸ்ஸை விட்டு இறங்கிய பிறகுதான் விசாரித்துக்கொள்வார். துக்க வீட்டில் அவருடைய கை பட்டால் போதும், அடக்கி வைத்திருந்தவர்களும் உடைந்து அழுவார்கள். அந்த ஊரில் துக்கத்துக்குக் கண்காணிப்பு உண்டு. எழவு வீட்டிலிருந்து திரும்பும் பெண்கள் வாய்க்காலில் கால் கழுவும்போதே கணக்கு முடித்துவிடுவார்கள்: மூத்த மருமகள் முந்தானையை வாயில் வைத்தாளே தவிர கண்ணில் வைக்கவில்லை, சம்பந்தியம்மாள் மேளம் அடிக்கும்போது மட்டும் அழுதாள். இந்த விசாரணைக்குக் கருப்பாத்தாள் என்ற கிழவிதான் தலைமை. அவள் வாயால் "சென்னியப்பனாட்டம் ஈர மனசு இந்தக் கொழிஞ்சாம்பாறையில ஆருக்கு இருக்குது?" என்று தீர்ப்பு வந்த பிறகு மேல்முறையீடு கிடையாது.

இந்தத் தீர்ப்பில் சேராதவர்கள் இரண்டு பேர். ஒருவர் சென்னியப்பனின் அண்ணன் அப்புசாமி. இன்னொருத்தி சென்னியப்பனின் மனைவி நாச்சம்மாள்.

நாச்சம்மாள் பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வாக்கப்பட்டு வந்தவள். சுதந்திரம் வந்த வருஷத்து வைகாசியில் கல்யாணம். தாலி கட்டும்போது மாப்பிள்ளையின் கண்ணிலிருந்து நீர் வழிந்து அவள் தோளில் விழுந்தது. 'நமக்காக அழுவற ஆம்பளை' என்று அந்தப் பதினெட்டு வயசுப் பெண் உருகிப்போனாள். உருகல் மூன்று நாள் நீடித்தது. நாலாம் நாள் காலையில் மரவள்ளிக்கிழங்கும் மிளகாய்ச் சட்டினியும் வைத்தாள். தாலி கட்டியபோது வந்த அதே நீர், அதே கன்னத்தில், அதே வேகத்தில் வழிந்தது. நாச்சம்மாள் கிழங்குச் சட்டியைப் பார்த்தாள், மாப்பிள்ளையைப் பார்த்தாள்.

இரண்டாம் வருஷம் அவர்களுடைய முதல் பிள்ளை மூன்று மாதத்தில் காய்ச்சல் கண்டு போய்விட்டது. சென்னியப்பன் வாசலில் நின்றார். இடது கண் வழிந்தது. வந்தவர்களெல்லாம் அவரைத் தேற்றினார்கள். மூலையில் கண் வறண்டு உட்கார்ந்திருந்த நாச்சம்மாளை, "பெத்தவ கல்லாட்டம் இருக்கறா பாரு" என்றார்கள். கல் எழுந்து வந்து கதவோரம் நின்று புருஷனின் வலது கண்ணைப் பார்த்தது. அது காய்ந்து கிடந்தது. அன்றிலிருந்து அவள் அவருடைய இடது கண்ணைப் பார்ப்பதை விட்டுவிட்டாள். நல்லது கெட்டது எது நடந்தாலும் அவள் பார்வை நேரே வலது கண்ணுக்குப் போகும். இருபத்தைந்து வருஷம் போனது. இரண்டு பெண்களைக் கட்டிக் கொடுத்தார்கள். வலது கண்ணிலிருந்து ஒரு சொட்டு வந்து அவள் பார்த்ததில்லை. இந்த மனுஷனுக்கு உள்ளே ஏதாவது இருக்கிறதா, இல்லை வெறும் ஓட்டைக் கண்தானா என்பது அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது. உடம்பில் முள் ஏறி உள்ளேயே தங்கிவிட்டது போல அந்தக் கேள்வி அவளுக்குள் இருந்தது.

அப்புசாமி சேதி வேறு. அண்ணன் தம்பி இருவரும் ஒரே வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகக் குடியிருந்தார்கள். அப்புசாமி இடது கைக்காரர், வாய் குறைந்தவர், ஏர் பிடிப்பதைத் தவிர வேறொன்றிலும் கெட்டிக்காரத்தனம் காட்டாதவர். சைனாச் சண்டை நடந்த வருஷம் அவர்களுடைய தாயார் காலமானாள். சென்னியப்பனின் கண் வழக்கம்போல் தன் கடமையைச் செய்தது. அப்புசாமியின் கண்ணில் ஈரமே இல்லை. மரக்கட்டை போல நின்று காரியங்களைச் செய்தார். கருப்பாத்தாள் பாடைக்குப் பக்கத்திலேயே நின்று தீர்ப்பைப் படித்தாள்: "பெரியவனுக்குக் கருங்கல்லு நெஞ்சு. ஆத்தாளுக்குன்னு அழுதவன் சின்னவந்தான்."

அப்புசாமி தம்பியைத் திரும்பிப் பார்த்தார். அந்தக் கண் ஏன் வழிகிறது என்று அம்மை வார்த்தபோது வேப்பிலை வீசிய அண்ணனுக்குத் தெரியும். தம்பி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். 'இது நோவுங்க, அழுவையில்லீங்க' என்று நாலு சொல். சென்னியப்பன் சொல்லவில்லை. துண்டை எடுத்துக் கண்ணை ஒற்றிக்கொண்டார். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அண்ணன் வேலியோரம் வந்தார். "உன்ற கண்ணு என்னன்னு உனக்குத் தெரியும். ஊருக்கு ஏன்டா சொல்லலை?" என்று கேட்டார். தம்பி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனார். அதோடு பேச்சு நின்றது. பதினோரு வருஷம் வேலிக்கு இரண்டு பக்கமும் இரண்டு பேரும் இருமிக்கொண்டார்கள்.

எழுபத்து மூன்றாம் வருஷம் ஆவணியில் அந்தப் புகழ் பெற்ற கண் வீங்கியது. மூக்கோரம் எலுமிச்சங்காய் அளவுக்குத் தடித்துச் சீழ் கட்டிக் காய்ச்சலும் வந்தது. நாச்சம்மாள் அவரைப் பாலக்காட்டுக்குப் பஸ் ஏற்றினாள். கண் டாக்டர் மலையாளி. அழுத்திப் பார்த்தார், ஊசி விட்டுப் பார்த்தார். பிறகு நாச்சம்மாளைப் பார்த்து, "இயாள் கரயாறுண்டோ?" என்று கேட்டார்.

நாச்சம்மாளுக்குத் தெரிந்த மலையாளம் ரேஷன் கடைக்கும் பஸ்ஸுக்கும் போதும். அழுகைக்கு அவளுக்கு மலையாளம் தேவைப்பட்டதில்லை. இவர் கரைவாரா என்று கேட்கிறார் போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டாள். இத்தனை வருஷத்தில் அவளிடம் யாரும் கேட்காத கேள்வி அது.

"எங்கீங்க கரையறாரு? உப்புக்கல்லா இருந்தாத்தானுங்க கரையறதுக்கு? இருபத்தாறு வருசமா நானும் பார்க்கறனுங்க, ஒரு ஓரங்கூடக் கரையலீங்க!"

கம்பவுண்டர் பாலக்காட்டுச் சித்தூர்க்காரர். அவருக்கு இரண்டு பாஷையும் தெரியும். சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அம்மிணி, மலையாளத்துல கரையறதுன்னா அழுவறதுங்க. இவரு அழுவாரான்னு டாக்டரு கேக்கறாருங்க" என்றார்.

"அதுக்கும் அதே பதிலுதானுங்க" என்றாள் நாச்சம்மாள்.

சென்னியப்பன் துண்டால் கண்ணை மூடிக்கொண்டார். கம்பவுண்டர் வாயிலாக டாக்டர் விளக்கினார். கண்ணில் எப்போதும் நீர் ஊறிக்கொண்டே இருக்கும். எல்லோருக்கும் அது ஒரு சின்ன வாய்க்கால் வழியாக மூக்குக்குள் இறங்கிப் போய்விடும். இவருக்கு வாய்க்கால் அடைத்திருக்கிறது. அதனால் கரை மீறிக் கன்னத்தில் வழிகிறது. அறுத்து வழி விட வேண்டும். தள்ளிப்போட்டால் கண்ணே போய்விடும்.

"அப்ப எல்லாத்துக்கும் எந்நேரமும் தண்ணி வந்துட்டேதான் இருக்குதுங்களா?" என்று கேட்டாள் நாச்சம்மாள்.

"ஆமாங்க. வெளியில தெரியறதில்லை, அவ்வளவுதானுங்க."

மூன்று மாதத்துப் பிள்ளை போனதற்குத் தான் அழவே இல்லை என்று அவளும்தான் நம்பியிருந்தாள். "அப்ப எனக்கெல்லாம் மூக்கு வழியாப் போயிருக்குது" என்று தனக்கே சொல்லிக்கொண்டாள்.

சென்னியப்பன் அறுவைக்குச் சம்மதிப்பதாக இல்லை. "இந்தக் கண்ணுதான் புள்ள நமக்குச் சோறு போடுது" என்று கெஞ்சினார். "சோத்தை நான் போடறனுங்க, நீங்க கண்ணைக் காட்டுங்க" என்றாள் அவள். அடைப்பை எடுத்துவிட்டால், பிறகு வருவது எது, வராதது எது என்று தெரிந்துவிடும் அல்லவா! அவள் காரியம் அவளுக்கு.

கட்டுப் பிரித்த அன்று சென்னியப்பன் கண்ணாடியில் பார்த்தார். இரண்டு கண்ணும் ஒன்று போல் காய்ந்து, ஜப்திக்கு வந்த யாரோ ஒரு அமீனா அவரை உற்றுப் பார்த்தான். அடுத்த சந்தையில் அதே வார்த்தைகளைச் சொன்னார். "பெத்த புள்ளையாட்டம் வளத்தியிருப்பீங்க, எனக்கே மனசு கேக்கலீங்க." குடியானவன் அவர் கண்ணைப் பார்த்தான். "கேக்கலீன்னா போங்க" என்று கையைத் துண்டுக்குள்ளிருந்து உருவிக்கொண்டான். இரண்டே மாதத்தில், தரகருக்குக் கொழுப்பேறிவிட்டது, மனசு இறுகிவிட்டது, யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று மூன்று விதமாகப் பேச்சு வந்துவிட்டது. மூன்றையும் மூன்று பேர் சத்தியம் பண்ணிச் சொன்னார்கள்.

சந்தையில் கயிற்றுக் கடை வைத்திருந்த பரீது நேரே கேட்டுவிட்டார். "ஏன் தரகரே, டாக்டரு கண்ணை மட்டும்தானா அறுத்தாரு? கூட வேற எதையும் எடுத்துடலியே?"

"அட, அது நோவு பரீது. அழுவையே இல்லை. சின்னதுல இருந்தே நோவு."

"நோவுன்னா இத்தனை நாளாச் சொல்லலியே?"

சென்னியப்பன் வேறு மாட்டைப் பார்க்கப் போய்விட்டார். இதே கேள்வியை வேலியோரம் ஒருத்தர் ஏற்கெனவே கேட்டிருந்தார்.

தை பிறந்து நாலாம் நாள் அப்புசாமி உழுதுகொண்டிருந்தபோதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். ஆள் போய்ப் பார்ப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஏரில் பூட்டிய மாடு நின்ற இடத்திலேயே நின்றிருந்தது.

வாசலில் கிடத்தினார்கள். ஊர் திரண்டது. ஊர் வந்தது செத்தவரைப் பார்க்க அல்ல, தம்பியைப் பார்க்க. அறுவைக்குப் பிறகு அவர் வரும் முதல் சாவு, அதுவும் சொந்தச் சாவு. சென்னியப்பன் அண்ணன் தலைமாட்டில் நின்றார். கண்ணைச் சிமிட்டினார். வரவில்லை. தாயை நினைத்தார், செத்துப்போன பிள்ளையை நினைத்தார், வாய் வரைக்கும் ஏதோ ஏறி வந்தது, கண்ணுக்கு வரவில்லை. பாவம், அவர் அழப் பழகியதே இல்லை. ஆள் வைத்து உழுதவனுக்கு ஏர் பிடிக்கத் தெரியாது. நாற்பத்து மூன்று வருஷம் அவருக்கான அழுகையை எல்லாம் அந்தக் கண்ணே ஆள் மாதிரி அழுது முடித்துவிட்டது.

நாச்சம்மாள் கூட்டத்தின் நடுவில் நின்று வலது கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் மெல்ல நழுவி மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் போவதையும் பார்த்தாள். அங்கே மடியிலிருந்து பொடி டப்பியை எடுத்தார். ஒரு சிட்டிகை மூக்குப்பொடியை இரண்டு கண்ணிலும் தேய்த்துக்கொண்டு திரும்பி வந்தார். டாக்டர் வேலையில் நேர்மையானவர். புதிதாக வெட்டிய வாய்க்கால் அருமையாக வேலை செய்தது. கண்ணில் ஊறியது முழுவதும் மூக்குக்கு இறங்கியது. சென்னியப்பன் அண்ணன் உடம்புக்கு மேல் ஏழு தும்மல் தும்மினார்.

கருப்பாத்தாளுக்கு எண்பதுக்கு மேல் ஆகியிருந்தது. குரல் மட்டும் அப்படியே இருந்தது. "கண்டவன் எழவுக்கெல்லாம் கொடங் கொடமா ஊத்துனவன், கூடப் பொறந்தவனுக்கு மூக்கைச் சிந்தறான் பாருங்க! கருங்கல்லு நெஞ்சு!"

அதே சொல். ஆள்தான் மாறியிருந்தது. சென்னியப்பன் தலையைக் குனிந்துகொண்டார். நோவு என்று இப்போது சொன்னால் நம்ப யார் இருக்கிறார்கள்? நம்பக்கூடிய ஒருவர் காலை நீட்டிப் படுத்திருந்தார்.

அன்று வீட்டுக்கு வந்து, "வரலை புள்ள. நான் என்ன பண்ணட்டும்?" என்றார். நாச்சம்மாளுக்குக் கோபமும் இருந்தது, பயமும் இருந்தது. உள்ளே ஒன்றுமே இல்லாத ஆளோடு இருபத்தாறு வருஷம் குடித்தனம் நடத்தியிருக்கிறோம் என்று முடிவாகிவிடுமோ என்ற பயம்.

மாசிக் கடைசியில் அப்புசாமியின் மனைவி கமலாத்தாள் வேலியோரம் வந்து நின்றாள். அண்ணன் வளர்த்த மயிலைக் காளையை விற்றுக் கொடுக்க வேண்டும் என்றாள். வீட்டில் உழ ஆளில்லை. "அவரு போனதுல இருந்து அது தீனியே எடுக்கறதில்லீங்க. கண்ணுல தண்ணி வடிச்சுட்டே நிக்குதுங்க."

சென்னியப்பன் தரகர். எட்டிப் பார்த்தார். "அது துக்கமில்லீங்க அண்ணி. கண்ணோரம் ஈ மொய்க்குது. அதுல வர்ற தண்ணி" என்றார்.

"இருக்கட்டுமுங்க" என்றாள் கமலாத்தாள். "ஈ மொய்ச்சாவது வருதே."

அவர் காளையைப் பிடித்துக்கொண்டார்.

சந்தையில் காளைக்கு நல்ல ஆள் கிடைத்தான். ஆலத்தூர்க்காரன், சொந்தமாக ஏர் வைத்திருப்பவன். சென்னியப்பன் நெற்றிச் சுழியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. துண்டுக்கு அடியில் விரல்கள் சீக்கிரமே ஒத்துக்கொண்டன. பரீது புதுக் கயிறு ஒன்றை எடுத்து வந்தார். அந்தப் பக்கத்தில் மாட்டை விற்கிறவர்கள் கயிற்றை விற்பதில்லை. பழைய கயிறு மாடு வளர்ந்த கொட்டகைக்கே திரும்பிப் போக வேண்டும். அதை அறுக்கக் கூடாது, அவிழ்க்கத்தான் வேண்டும். கயிறு போனால் வீட்டின் அதிர்ஷ்டம் கூடவே போய்விடும் என்பார்கள்.

சென்னியப்பன் காளையின் கழுத்தில் கை வைத்தார். முடிச்சு இடது கை முடிச்சு. மற்றவர்கள் இழுக்கும் பக்கம் இழுத்தால் இறுகும். ஆயிரம் மாடுகளுக்குக் கயிறு அவிழ்த்தவர். கால் மணி நேரம் போராடினார். நகம் பிய்ந்தது. ஆலத்தூர்க்காரன் வெயிலைப் பார்த்தான். பரீது கத்தியை நீட்டினார்.

"அறுத்துருங்க தரகரே. ஆரு பார்க்கறா?"

"வேண்டாம்."

"அப்ப நான் அறுக்கட்டா?"

"கையை எடு பரீது!" என்று சென்னியப்பன் போட்ட சத்தத்தில் பக்கத்து மாடுகள் மிரண்டன. பேசி முடித்த பேச்சை முறித்தார். முப்பது வருஷத் தொழிலில் அது முதல் தடவை. காளையைப் பிடித்துக்கொண்டு சந்தையை விட்டு வெளியே நடந்தார். பின்னால் யாரோ, "தரகனுக்குப் பைத்தியமே முத்திப்போச்சு" என்றார்கள். இதெல்லாம் பரீது பிற்பாடு நாச்சம்மாளிடம் சொன்னது.

உச்சிப் பொழுது. நாச்சம்மாள் வாசலில் கடலைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். காளையோடு வந்தவரைப் பார்த்து, "ஏனுங்க, மாடு போவலீங்களா?" என்றாள்.

"பேசி முடிச்சாச்சு."

"அப்பறம் இங்க வந்து நிக்குது?"

"முடிச்சு அவுரலை புள்ள."

தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து காளையின் கழுத்தை மடிப்பக்கம் இழுத்துக்கொண்டு மறுபடியும் முடிச்சில் விரலை விட்டார். கொஞ்ச நேரம் கழித்து, முடிச்சிடமே பேசுவது போல் சொன்னார். "சின்னதுல என்ற கோவணத்துக்கு அண்ணன் இப்படித்தான் முடிச்சுப் போட்டு உட்டுரும். ஒண்ணுக்கு வந்தா அவுக்க முடியாது. அழுதுட்டே காடு பூரா அண்ணனைத் தேடி ஓடுவன். 'இர்றா, இர்றா'ன்னு வந்து, இந்த மூலையில ஒரு இழுப்பு. ஒரே இழுப்பு புள்ள. எந்த மூலைன்னு..."

அதற்கு மேல் வார்த்தை வரவில்லை. வேறொரு சத்தம் வந்தது. நாச்சம்மாள் உரித்த கடலையைக் கையில் வைத்துக்கொண்டே நிமிர்ந்தாள். ஊரெல்லாம் பார்த்த அவருடைய அழுகைக்கு ஒரு நாளும் சத்தம் இருந்ததில்லை. இது கன்றுக்குட்டி கத்துவது போல இருந்தது. காளை திரும்பிப் பார்த்தது.

அவள் பழக்கத்தில் வலது கண்ணைப் பார்த்தாள். வியர்வை என்று முதலில் நினைத்தாள். இமை விளிம்பில் அது நின்றது, நிறைந்தது, உடைந்து இறங்கியது. அடுத்தது வந்தது. பிறகு நிற்கவில்லை. டாக்டர் வெட்டிய வாய்க்காலுக்கும் கொள்ளாமல் இடது கண்ணும் வழிந்தது. 'கரையறாரு' என்று அவளுக்குத் தோன்றியது. அது தமிழா மலையாளமா என்று அவள் பார்க்கவில்லை.

ஊரில் ஒருத்தரும் இதைப் பார்க்கவில்லை. தீர்ப்புச் சொல்கிறவர்களெல்லாம் சந்தையில் இருந்தார்கள். ஒரு குரல் கொடுத்தால் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கமலாத்தாள் வந்து பார்ப்பாள். பொழுது சாய்வதற்குள் கருப்பாத்தாள் காதுக்குப் போகும். போன பெயர் திரும்பி வந்துவிடும். நாச்சம்மாள் வேலிப் பக்கம் ஒரு தரம் பார்த்தாள். குரல் கொடுக்கவில்லை.

சென்னியப்பனின் கை தானாகத் தோளுக்குப் போனது. துண்டை எடுத்து இடது கண்ணை ஒற்றியது. மறுபடியும் இடது கண்ணையே ஒற்றியது. வலது கண் தன் பாட்டுக்கு வழிந்து மீசையை நனைத்துக்கொண்டிருந்தது. அங்கே ஒன்று துடைக்க இருக்கிறது என்று அந்தக் கைக்குத் தெரியவே இல்லை.

நாச்சம்மாள் கடலையைக் கீழே போட்டுவிட்டு எழுந்து வந்தாள். அவர் கையிலிருந்த துண்டை மெல்ல உருவி, நாலாக மடித்து, தன் மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.